நிஜ்மாவின் நெற்றிப்பட்டி

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. ஜன்னல் ஓரம் நீயே வச்சுக்கோ, காத்து பட்டா எனக்குக் காது குடையும். சுரண்டைக்குத்தான? நானும் சுரண்டைதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

கழுத்துல என்ன அது, காசா? கொண்டா பாப்போம். ஈயம். பூச்சு வேலை. டவுன்ல வாங்குனியா? நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா நீ கழுத்துல போட்டுருக்க இந்தக் காசை நெத்தியில கட்டி, மூக்குக்குக் கீழ வரைக்கும் தொங்கவிட்டு, நடந்தா சலங்கை மாதிரி சத்தம் வர்ற பொம்பளைகளை நான் பாத்திருக்கேன். பாத்திருக்கேன் என்ன, அதை என் கையால தச்சிருக்கேன். தச்சுத்தான் நாசமாப் போனேன்.

நான் எதுக்குப் போறேனா? என் பேரனைக் கூட்டிட்டு வரப் போறேன். என் மவன் பிள்ளை, அஞ்சு வயசு, தர்ஷன்னு பேரு. அவன் இனிமே என்கூடத்தான் இருக்கப்போறான். அவன் அம்மைக்கு இன்னும் தெரியாது. அந்தக் கதை வேற, அதைப் பொறவு சொல்லுதேன். முதல்ல இந்தக் காசுக் கதையைக் கேளு. ஒரு நூலுக்காக, வெறும் ஒரு நூலுக்காக, பெத்தவகிட்ட இருந்து பிள்ளையைப் பிடுங்கினான் ஒருத்தன். நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

எனக்கு இருபத்தெட்டு வயசுல தாலி இறங்கிட்டு. அவியளுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி, நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி, எல்லாம் பாத்தாச்சு. அவிய போன மறுநாள்ல இருந்து வெள்ளைச் சேலைதான். வெள்ளைன்னா பளிச்சுன்னு இருக்கும்னு நினைக்காத. துவைச்சுத் துவைச்சு பழுப்பேறுன வெள்ளை. எங்க மாமியா கட்டுன்னு சொன்னா, கட்டினேன். கையில தையல் இருந்தது. எங்க ஊர்ல கல்யாண ரவிக்கைக்கெல்லாம் நாந்தான் பூ போடுவேன். கேட்டியா, பூ போடுறது நானு, ஆனா அந்த ரவிக்கையை நான் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வேற ஒருத்திகிட்ட கொடுத்து விடணும். என் கை பட்டா ஆகும், என் மூஞ்சி பட்டா ஆகாது. என்ன நியாயமோ.

அதை வச்சு வயித்தைக் கழுவ முடியல. மவன் இசக்கிராஜா எட்டாங்கிளாஸ். எங்க அம்மைகிட்ட அவனை விட்டுட்டு, ஒரு ஏஜென்டைப் பிடிச்சு, ஜோர்டானுக்கு வீட்டு வேலைக்குப் போனேன்.

அந்த ஊரு அக்கபா போற ரோட்டு மேல கிடக்கு. சுத்திப் பாத்தா மண்ணும் கல்லும்தான், ஒரு வேப்பமரம் கிடையாது. என்னை எடுத்தவன் பேரு சுவேலிம். பதூ சனம். பதூன்னா பாலைவனத்துல ஆடும் ஒட்டகமும் மேய்ச்சுக் கூடாரத்துல திரிஞ்ச கூட்டம். அவங்க அப்பன் பாட்டன் காலத்துல பாலஸ்தீனப் பக்கத்துப் பாலைவனத்துல இருந்து இந்தப் பக்கம் வந்துட்டாவளாம். இப்போ சிமெண்டு வீடுதான். ஆனாலும் வாசல்ல ஒரு கூடாரத்தைப் போட்டு ஆம்பளைங்க அதுலதான் காப்பி குடிப்பாவ. அவன் பொண்டாட்டி ஹம்தா. வீடு நிறைய பிள்ளைங்க. அதே காம்பவுண்டுக்குள்ள ஒரு சின்ன வீட்டுல சுவேலிமோட தம்பி பொண்டாட்டி இருந்தா. நிஜ்மா. தம்பி செத்துப்போயிட்டான், ரோட்டுல வண்டி கவுந்து. முப்பது வயசு கூட ஆகல அவளுக்கு. ஒரே ஒரு பொம்பளைப் பிள்ளை, மஸ்யூனான்னு பேரு, ஆறு வயசு இருக்கும். ரெண்டு வீட்டுக்கும் நாந்தான் வேலைக்காரி.

ஹம்தா ஒரு மாதிரி. நான் பாத்திரம் கழுவுனா அவ மறுபடி கழுவுவா. நிஜ்மா அப்படி இல்ல. உக்கார வச்சு டீ கொடுப்பா, ஏதோ ஒரு இலையைப் போட்டு, கற்பூரவள்ளி வாசம் வரும். எனக்கு அரபி சொல்லிக்கொடுத்தவ அவதான். ஆவுடைத்தாய்னு சொல்ல வாய் வராது, ஆவுதா ஆவுதான்னு கூப்பிடுவா. புருசன் போட்டோவைக் காட்டி அவ அழுதா, எங்க அவிய போட்டோவைக் காட்டி நான் அழுதேன். ரெண்டு பேரும் அறுத்தவளுகதான, அதுக்கு பாஷை எதுக்கு?

தினப்படிக்கு அவ தலையில கறுப்புத் துணிதான். ஆனா கல்யாணம் காட்சின்னா பெட்டியில இருந்து அதை எடுப்பாவ. புர்குன்னு பேரு. நம்ம ஊர் பாய்மாருங்க போடுற புர்கா இல்ல, இது வேற. நெத்தியில கட்டுறதுக்கு அகலமா ஒரு பட்டி. அதுல நெருக்கமா பூத்தையல். அதுல இருந்து மூஞ்சியை மறைக்க ஒரு துணி தொங்கும், அது பூரா வரிசை வரிசையா வெள்ளிக்காசு. ராஜா காலத்துக் காசு, எந்த ராஜாவோ. கன்னத்துப் பக்கம் சங்கிலி. கண்ணேறு படாம இருக்க ஒரு நீலப் பாசி. ஓரத்துல கிராம்பு கோத்துக் கட்டியிருப்பாவ, வாசத்துக்கு. தலைக்கு மேல போடுற துணி முதுகுல இறங்கும், அதுலயும் தையல்தான், முழங்கால் வரைக்கும். கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். ஆனா அந்தக் கண்ணு என்ன பேச்சு பேசும் தெரியுமா.

அந்தக் காசெல்லாம் பொம்பளைக்குச் சொந்தம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுல கொடுத்தது. அதுல ஆம்பளை கை வைக்கக் கூடாது. வச்சான்னா அவனை மனுசனாவே மதிக்க மாட்டாவ.

அந்தத் தையலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஹம்தா ஒருநாள் சொன்னா. புருசன் உள்ளவளுக்குச் சிவப்பு. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும் புருசன் செத்தவளுக்கும் நீலம். செத்தவ மறுபடி ஒருத்தனைக் கட்டிக்கிட்டா நீலத்துக்கு நடுவுல சிவப்பு ஏறும். எனக்குச் சொல்லாம இல்ல, சொன்னா. நான் மறைக்கல. ஆனா தாயி, இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரு பாக்கான்னு நினைச்சேன். வீட்டுக்கு வீடு டிவி இருக்கு, வாசலுக்கு வாசல் டொயோட்டா நிக்கி. இதுல நூல்ல என்ன இருக்கு?

சுவேலிமோட மூத்த மவளுக்குக் கல்யாணம் வந்தது. காம்பவுண்டு பூரா ஜே ஜேன்னு இருந்தது. ஆடு வந்து இறங்குது, கம்பளி வந்து இறங்குது, பெரிய கூடாரம் ரெண்டு போட்டாச்சு, ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணு. அந்த நேரம் பாத்து நிஜ்மா கையில கொதிக்கிற எண்ணெயைக் கொட்டிக்கிட்டா. வலது கை பூரா கட்டு. அவ புர்குவும் தலைத்துணியும் பெட்டிக்குள்ள கிடந்து, காசு தளந்து தொங்குது, தையல் அங்கங்க விட்டுப்போச்சு. என்கிட்ட கொடுத்தா. கூடவே ஒரு நீல நூல்கண்டு. நீலத்தைக் காட்டினா, தையலைக் காட்டினா, தலையை ஆட்டினா. எனக்குப் புரியாம இல்ல.

என் ரூமுக்குக் கொண்டுபோய் விரிச்சுப் பாத்தேன். முதல்ல காசு. கறுத்துப்போய்க் கிடந்தது சவம். நம்ம குத்துவிளக்கு விளக்குறோமே, அதே மாதிரி புளியைக் கரைச்சு, சாம்பலைத் தொட்டு, ஒவ்வொரு காசா தேய்ச்சேன். அப்படியே வெள்ளை வெளேர்னு ஆயிட்டு. இப்போ அடிச்ச காசு மாதிரி. பிறகு பட்டியை எடுத்தேன். நீல நூலு இத்துப்போய் அங்கங்க பிரிஞ்சு நிக்கி. பிரிஞ்ச இடத்துல பாத்தா உள்ள சிவப்பு. புரியுதா? அவ கல்யாணத்துக்குத் தச்ச சிவப்பு அடியில அப்படியே இருக்கு. புருசன் செத்ததும் பிரிக்க மனசு வராம, அதுக்கு மேலேயே நீலத்தைப் போட்டு மூடியிருக்கா பாவி.

எனக்கு என்னமோ செஞ்சுட்டு தாயி. கை பரபரன்னு வந்தது. ஒரு ஊசியை விட்டு ஒரு நீலத்தை இழுத்தேன். வந்துட்டு. இன்னொண்ணு இழுத்தேன். அடியில என்ன சிவப்புங்க! நம்ம மாதுளம்பழத்தைப் பிளந்தா இருக்குமே, அந்தச் சிவப்பு. நூலு வெயில் படாம இருந்திருக்கு, அதான் நிறம் போகல. கல்யாணப் பிள்ளைக்குத் தச்சு மீந்த சிவப்பு நூலு என்கிட்ட இருந்தது. நீலம் போன இடத்துலயும், அடியில இத்துப்போன இடத்துலயும் அதை வச்சு நிரப்பினேன். முதுகுத்துணியிலயும் அப்படித்தான். எல்லா நீலத்தையும் எடுக்கல. அங்கங்க விட்டேன், அழகுக்கு. நீலத்துக்கு நடுவுல சிவப்பு நின்னா எப்படி இருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு. நான் தச்சதுலயே நல்ல வேலை அதுதான். முடிச்சுட்டு அதை என் தலையில போட்டுப் பாத்தேன். கதவைச் சாத்திட்டுத்தான். கண்ணாடியில என் கண்ணு மட்டும் தெரிஞ்சது, சுத்திச் சிவப்பு. எவ்வளவு நேரம் அப்படியே நின்னேன்னு எனக்கே தெரியாது.

நல்லதுக்குத்தான் செஞ்சேன். அந்தப் பிள்ளையும் எத்தனை நாளைக்குத்தான் நீலத்தைப் போட்டுக்கிட்டு அலையும்? முப்பது வயசுல அவளுக்கு என்ன தலையெழுத்து? அந்தச் சனத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது, அதான் விஷயம்.

கல்யாணத்தன்னைக்கு அவளுக்கு நாந்தான் கட்டிவிட்டேன். ஒரு கையில கட்டோட அவளால முடியல. அவசர அவசரமா நடந்தது, வெளிய பாட்டு ஆரம்பிச்சாச்சு. மடிச்சு வச்சிருந்த துணியில இருந்து எடுத்து, பின்னால நின்னு நெத்தியில வச்சுக் கட்டினேன். நெத்தியில இருக்கறது கட்டிக்கிட்டவளுக்கு எப்படித் தெரியும்? முதுகுல தொங்குறது எப்படித் தெரியும்? காசைத் தொட்டுப் பாத்தா. பளபளன்னு இருந்ததும் என் கன்னத்தைப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. நான் ஒண்ணும் சொல்லல. போகட்டும், அங்க போய் எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லும்போது சந்தோசப்படட்டும்னு விட்டுட்டேன்.

பொம்பளைங்க கூடாரத்துக்குள்ள அவ நுழைஞ்சா. நான் பின்னால டீத்தட்டோட. பாடிக்கிட்டு இருந்தவளுக பாட்டு அப்படியே நின்னுட்டு. எல்லாக் கண்ணும் அவ நெத்தியில. ஒரு கிழவி எந்திரிச்சு வந்து, முதுகுத்துணியை ஒத்தை விரலால தூக்கிப் பாத்தா. பாத்துட்டு, நாக்கைச் சுழட்டி ஒரு குலவை போட்டா பாரு. நம்ம ஊர் குலவையேதான், ஒரு வித்தியாசம் கிடையாது. உடனே நாலு பேரு சேந்து போட்டாளுக. நிஜ்மா பாவம், கல்யாணப் பிள்ளைக்குத்தான் போடுதாவன்னு நினைச்சு, அவளும் சேந்து குலவை போட்டா. சிரிச்சுக்கிட்டே போட்டா. கண்ணுல தெரிஞ்சது.

பிறகு ஒருத்தி வந்து அவ காதுல வாழ்த்துச் சொல்லி, யாரு மாப்பிள்ளைன்னு கேட்டிருக்கா.

அவ கையை நெத்தியில வச்சு, பட்டியைப் பிடிச்சு இழுத்தா. நான் இறுக்கித் தச்சது, வரல. மறுபடி இழுத்தா. காசு பிச்சுக்கிட்டுப் போய் கம்பளி பூரா சிதறுச்சு. சின்னப் பிள்ளைங்க பொறுக்க ஓடுச்சு. அவ கையில பட்டியை வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. மூஞ்சி முழுசா தெரிஞ்சது. அவ மூஞ்சியில ஈயாடல.

அவ அங்கேயே ஒரு மூலையில உக்காந்து, ஒத்தைக் கையால, பல்லால கடிச்சு கடிச்சு அந்தச் சிவப்பைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா. ஊரே ஆடிப் பாடுது, சாப்பிடுது, இவ நூலைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு இருக்கா. போய் நான் பிரிக்கேன்னு கையை நீட்டினேன். தட்டிவிட்டுட்டா. அன்னைல இருந்து எனக்கு ஒரு வாய் டீ கொடுக்கல. நல்லது செஞ்சவளுக்கு அதுதான் கூலி.

மறுநாள் சுவேலிம் வந்தான். மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்கி. யாரு அவன்னு கேட்டான். அவங்களுக்கு ஏற்கனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கு. தண்ணி லாரி கொண்டு வர்றவன் ஒருத்தன், ஈதுன்னு பேரு, நிஜ்மா வீட்டுத் தொட்டியில தண்ணி விட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டுப் போவான். அதை நான் ஒருநாள் ஹம்தாகிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருந்தேன். பொய்யா சொன்னேன்? டீ கேட்டான், கொடுத்தா. அதைத்தான் சொன்னேன். அதுக்குக் கண்ணும் மூக்கும் வச்சது ஹம்தா, நான் இல்ல.

நிஜ்மா சொன்னா, எனக்கு ஒண்ணும் தெரியாது, இவ செஞ்ச வேலைன்னு. என்னைக் கை காட்டினா. இத்தனை நாள் கூட உக்காந்து அழுதவ, ஒரே நிமிசத்துல என்னைக் கை காட்டிட்டா! சுவேலிம் என் பக்கம் திரும்பினான். நீயா செஞ்சியா, அவ செய்யச் சொன்னாளான்னு கேட்டான். நான் என்ன சொல்ல முடியும் தாயி? என் பாஸ்போர்ட் அவன் பெட்டியில. என் மவன் பீசு கட்டணும். அவ கொடுத்த நூலைத்தான் தச்சேன்னு சொன்னேன். கொடுத்ததுதான? நூல் கொடுத்தாளா இல்லையா? நிறம் என்னன்னு அவன் கேக்கல, நானும் சொல்லல.

அவன் சத்தம் போடல. அதுதான் அவன் குணம். பிள்ளையைக் கூப்பிட்டான். மஸ்யூனா, வா, கல்யாண வீட்டுல இன்னும் மிட்டாய் இருக்கு, ரெண்டு நாள் பெரியப்பா வீட்டுல அக்காமாரு கூட இருந்துட்டு வான்னான். அது குதிச்சுக்கிட்டுப் போச்சு. திரும்பி வரல. ஒரே காம்பவுண்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான். சாயந்திரம் நிஜ்மா போய்க் கேட்டா. கதவைத் திறக்கல. எங்க தம்பி ரத்தம், எங்க கூட்டத்துப் பிள்ளை, நாளைக்கு எவனோ ஒருத்தன் வீட்டுல வளர விட மாட்டோம், நீ போறதா இருந்தா போன்னுட்டான். நான் எங்கயும் போகல, நான் யாரையும் கட்டலன்னு கதவுல தலையை முட்டுதா. உள்ள இருந்து பிள்ளை கத்துது. ஹம்தா டிவி சத்தத்தைக் கூட்டி வச்சா. அவ மனுசியா?

சிதறுன காசையெல்லாம் ஹம்தா பொறுக்கி, ஒரு துணியில முடிஞ்சு, நிஜ்மா வீட்டு வாசல்ல கொண்டு வச்சா. ஒண்ணு குறையல. காசு அவளுக்குச் சொந்தமாம், அதைத் தொட்டா பாவமாம். பெத்த பிள்ளை அவளுக்குச் சொந்தம் இல்லையாம். என்ன சனம் பாத்துக்கோ!

பொறவு நிஜ்மாவோட அண்ணன்மாரு வந்தாவ. கூடாரத்துல உக்காந்து காப்பி மேல காப்பியா குடிச்சுப் பேசினாவ. வேலைக்காரி செஞ்ச வேலைக்கு எங்க பிள்ளைக்குக் கெட்ட பேரா, அவளைக் கூப்பிடு, எங்க முன்னால கேளுன்னு நின்னாவ. சுவேலிம் கூப்பிடுவானா? கூப்பிட்டுக் கேட்டு, வேற மாதிரி நான் சொல்லிட்டா பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கணும்லா? அன்னைக்கே எனக்கு டிக்கெட்டைப் போட்டு வண்டியில ஏத்திட்டான். நாலு வருசம் உழைச்ச வீடு. ஒரு போயிட்டு வான்னு சொல்ல ஆளில்ல. வண்டி கிளம்பும்போது பாத்தேன், நிஜ்மா அண்ணன் வண்டியில ஏறிக்கிட்டு இருந்தா. பிள்ளை இல்லாமத்தான். தலையில வெறும் கறுப்புத் துணி.

இப்போ சொல்லு. தப்பு யாரு மேல? நூல் மேலயா? நிறத்துல என்ன இருக்கு? ஒரு பொம்பளை சிவப்புப் போட்டா வானமா இடிஞ்சு விழுந்துரும்? அதுக்காகப் பெத்த வயித்துல இருந்து பிள்ளையை அறுத்து எடுக்கவா? அவனுகளை ஆண்டவன்தான் கேக்கணும். அந்த சுவேலிம் மட்டும் என் கையில கிடைச்சான்னா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகற மாதிரி கேப்பேன்.

ஆலங்குளமா இது? இன்னும் கொஞ்ச நேரம்தான்.

நீ என் பேரனைப் பத்திக் கேட்டல்லா. என் மவன் இசக்கிராஜா போய் ரெண்டு வருசம் ஆகுது. பைக்குல போனான், பைபாஸ்ல ஒரு லாரி. அவ்வளவுதான். அதைச் சொன்னா எனக்கு மூச்சு நின்னுரும், அதனால சொல்லல. அவன் பொண்டாட்டி சண்முகக்கனி, சுரண்டைக்காரி. பதினாறு முடிஞ்சதும் மூணு வயசுப் பிள்ளையோட அம்மை வீட்டுக்குப் போயிட்டா. சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஆயா வேலை பாக்கா. நான் ஒண்ணும் சொல்லல. போன வாரம் எங்க நாத்தனார் மவ போன்ல ஒரு போட்டோ அனுப்பினா. சுரண்டை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல எடுத்தது. இந்தா, நீயே பாரு.

பாத்தியா? அரக்குச் சேலை. தலையில பிச்சிப்பூ. நெத்தியில பொட்டு, சின்னப் பொட்டுதான், ஆனாலும் பொட்டு பொட்டுதான? பக்கத்துல நிக்கான் பாரு ஒருத்தன், என் பேரன் கையில பலூனை வாங்கிக் கொடுத்துக்கிட்டு. யாரு இவன்? பள்ளிக்கூடத்து வேன் டிரைவராம். எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. என் மவன் எலும்பு இன்னும் ஆறல.

என்ன சொன்ன? சின்னப் பொண்ணா? நான் மட்டும் கிழவியாவா அறுத்தேன்? இருபத்தெட்டு வயசு. ஒரு பூ வச்சேனா? ஒரு கலர் துணி கட்டுனேனா? ஜோர்டான்ல எவன் பாக்கப்போறான், அங்கயாவது கட்டினேனா? நான் இருந்தேன்லா, அவளுக்கு என்ன?

அது வேற தாயி, இது வேற. அவங்க வேத்துச்சாதி, வேத்து ஊரு, எதுக்கெடுத்தாலும் சந்தேகம். இது நம்ம வீட்டு மானம். நாளைக்கு அவ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனா என் பேரன் எவன் வீட்டுலயோ ரெண்டாந்தாரத்துப் பிள்ளையாட்டம் நிப்பான். என் மவன் ரத்தம். நான் செத்தா எனக்குக் கொள்ளி வைக்க அவன் ஒருத்தன்தான் உண்டு. அவ நகை, அவ சாமான், ஒண்ணும் எனக்கு வேண்டாம். அதுல நான் கை வைக்க மாட்டேன். அந்த ஈனப்புத்தி நம்மகிட்ட கிடையாது. எனக்குப் பையன் போதும்.

இரு, போன் அடிக்கி. அவதான்.

ஹலோ. ஆமா தாயி, அத்தைதான். ஆலங்குளம் தாண்டிட்டேன்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... பையன் எந்திரிச்சுட்டானா? குளிப்பாட்டி வை... ஆமா, சும்மா பாத்துட்டுப் போகத்தான் வாரேன். அவனுக்கு ரெண்டு துணி மட்டும் எடுத்து வை, அத்தை கூட ரெண்டு நாள் இருக்கட்டும், சனிக்கிழமை கொண்டுவந்து விட்டுருதேன்... ஆமா, அவனுக்குப் பிடிச்ச அல்வா வாங்கியிருக்கேன்... என்னது?... எனக்கெதுக்கு?... ஏட்டி, எனக்கெதுக்குன்னு கேக்கேன்... பேசாம இரு... செரி. செரி, வாரேன். வை போனை.

ஒண்ணும் இல்ல. கோட்டிக்காரி. கொடைக்கு அவளுக்குச் சேலை எடுக்கும்போது எனக்கும் சேத்து ஒண்ணு எடுத்தாளாம். அதே கடை, அதே அரக்கு. அத்தை, இத்தனை வருசம் போதும், நீங்களும் கட்டுங்கன்னு சொல்லுதா. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கலர் இல்லாமலா இருக்கணும்னு கேக்கா. பையன்தான் எடுத்துக் கொடுத்தானாம், ஆச்சிக்கு இதுதான்னு கையை வச்சுக்காட்டி.

அரக்கு. எனக்கு நல்லாவா இருக்கும்? கறுத்த தோல். இந்த வயசுல. நீ சொல்லு, எனக்கு எடுக்குமா? சும்மா கேக்கேன், பதில் சொல்ல வேண்டாம்.

செரி, சுரண்டை வந்துட்டு. பையைப் பிடி, இறங்கிக்கிடுதேன். அந்தா வேப்பமரத்தடியில வெள்ளைக் கார் நிக்கில்லா, எங்க அண்ணன் மவன்தான், நேத்தே சொல்லி வச்சுட்டேன். பையனை முன்சீட்டுல வச்சுட்டா ஊருக்குப் போற வரைக்கும் ஜன்னல்ல வேடிக்கை பாப்பான். ரெண்டு நாள் அம்மையைக் கேட்டு அழுவான், பிறகு சரியாயிருவான். சேலையை வேண்டாம்னு சொன்னா அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால வாங்கிக்கிடுவேன். நல்லாருக்குன்னு ரெண்டு வார்த்தையும் சொல்லிருவேன். சேலையை வாங்கிக்கிட்டு, பையனைத் தூக்கிட்டு வந்துருவேன்.